விசாரணை மேசைக்கு ஒரு சீன் கொடுங்கள்

வடபழனியிலும் சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் அறை எடுத்து டிஸ்கஷன் நடத்திக்கொண்டிருக்கும் இயக்குநர்களுக்கும் வசனகர்த்தாக்களுக்கும், "போய் ரெஃபரன்ஸ் தேடிக்கொண்டு வா" என்று அனுப்பப்படும் உதவி இயக்குநர்களுக்கும் வணக்கம்.

இதில் கையெழுத்திடும் நாங்கள் மொழிபெயர்ப்பாளர்கள், குற்றவியல் வழக்கறிஞர்கள், குடிவரவுக் கோப்பு தயாரிப்பவர்கள், சப்டைட்டில் எழுதுகிறவர்கள். தீவிரவாதம், புலம்பெயர்ந்த தமிழர், வெளிநாட்டில் சந்தேகத்துக்கு ஆளாகும் தெற்காசியர் என்று எதையாவது தொட்டு ஒரு கதை கிளம்பினால், அது எங்கள் கைக்கு வருவது பவுண்ட் ஸ்கிரிப்ட் ஆன பிறகுதான். "சும்மா ஒரு தடவை பார்த்துக் கொடுங்க சார்" என்பார்கள். அதற்குள் லொக்கேஷன் பிடித்தாகிவிட்டது, வில்லனுக்குத் தாடியும் வளர்ந்தாகிவிட்டது. அப்போது சொல்லி என்ன பயன்? ஒன்லைன் என்ற கதைச்சுருக்க நிலையிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

இந்த வகைக் கதைகளில் ஒருவரின் தலையெழுத்து முடிவாகிற இடம் ஒரு மேசை. இந்தப் பக்கம் பேசுகிறவர், அந்தப் பக்கம் எழுதுகிறவர், பல நேரம் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். வாயிலிருந்து வந்த பேச்சு தாளில் ஏறும்போது என்ன ஆகிறது என்பதில் ஒரு முழுப் படத்துக்கான கதை இருக்கிறது. நம் திரைக்கதைகள் அதற்கு அரைப் பக்கம் கொடுக்கின்றன. இருட்டறை, தொங்கும் குண்டு பல்பு, கன்னத்தில் இரண்டு அறை, "உண்மையச் சொல்லுடா", கட். அப்புறம் சிவப்பு வயரா பச்சை வயரா என்ற பஞ்சாயத்துக்கு எட்டு நிமிடம்.

வெளியூருக்குப் போக வேண்டாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் மீதான விசாரணை, தடா என்ற தீவிரவாதத் தடுப்புச் சட்டத்துக்கான பூந்தமல்லி நீதிமன்றத்தில் நடந்தது. 1991-இல் கைதாகும்போது அவருக்கு வயது 19. அவர் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்டவை இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள். தடாச் சட்டப்படி காவல் கண்காணிப்பாளர் பதவியில் இருப்பவர் எழுதி வாங்கும் ஒப்புதல் வாக்குமூலமே சாட்சியம். அப்படி எழுதி வாங்கிய சிபிஐ அதிகாரி, ஓய்வு பெற்றபின் 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார்: பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் பதிவு செய்யவில்லை என்று. 1999-இல் உச்ச நீதிமன்றம் இந்த வழக்குக்குத் தடா பொருந்தாது என்றது. ஆனால் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் செல்லும் என்றும் சொன்னது. அதே நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது 2022 மே 18-ஆம் தேதி. விட்டுப்போன ஒரு வாக்கியம், முப்பத்தோரு ஆண்டு. எந்த டைம் பாம் சீனில் இந்தக் கனம் இருக்கிறது?

அதனால் முதல் வேலை, கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதை ஒன்லைனின் தலையில் எழுதுங்கள். ஆண்டு தெரிந்தால் சட்டம் தெரியும், சட்டம் தெரிந்தால் சீன் தானாக அமையும். தடா 1995-இல் காலாவதியானது. அதே வகைச் சட்டமான பொடா 2002 முதல் 2004 வரை. இந்த இரண்டிலும் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும். இப்போதிருக்கும் யுஏபிஏ என்ற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் செல்லாது. 2008-க்குப் பிறகு நடக்கிற கதையில் அதிகாரி கேமரா வைத்து ஒப்புதல் வாங்க, அடுத்த சீனில் நீதிபதி தீர்ப்பு வாசிக்கிறார் என்றால், அங்கேயே கதை விழுந்துவிடுகிறது. யுஏபிஏவின் கொடுமை வேறு இடத்தில். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 180 நாள்வரை அவகாசம் நீட்டலாம். போலீஸ் காவல் 30 நாள்வரை போகலாம். குற்றச்சாட்டு மேலோட்டமாகப் பார்த்து உண்மை போலத் தெரிந்தாலே ஜாமீன் கிடையாது என்கிறது 43டி (5). அதாவது தண்டனை தீர்ப்புக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கோவைக் குண்டுவெடிப்பு வழக்கில் கேரளத்து மதானி ஒன்பது ஆண்டுக்கு மேல் விசாரணைக் கைதியாக இருந்துவிட்டு 2007-இல் விடுதலையானார். இதைப் படமாக்கினால் சண்டைக் காட்சி தேவைப்படாது. வாய்தா தேதி எழுதிய நாட்காட்டி, மாறிக்கொண்டே போகும் அரசு வழக்கறிஞர், மனு போடும்போதெல்லாம் வயது கூடிக்கொண்டே வரும் ஒரு மகள், இவை போதும்.

இனி வெளிநாட்டு மேசை. இங்கேதான் அதிகம் கோட்டை விடுகிறோம்.

விடுதலைப் புலிகளை இந்தியா 1992-இலும், அமெரிக்கா 1997-இலும், பிரிட்டன் 2001-இலும், கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006-இலும் தடை செய்தன. ஆகவே ஈழத்திலிருந்து போய்த் தஞ்சம் கேட்கும் ஒருவர் அந்த நேர்காணலில் கத்தி முனையில் நடக்கிறார். ஊரில் தனக்கு ஆபத்து என்று நிரூபிக்க, இயக்கத்தோடு தனக்கு ஏதோ தொடர்பு இருந்ததாக ராணுவம் நினைக்கிறது என்று சொல்லியாக வேண்டும். தொடர்பு இருந்தது என்று சொன்னாலோ, தடை செய்யப்பட்ட அமைப்புக்கு உதவியவர் ஆகிவிடுவார். ஒரே வாக்கியம்தான் கதவைத் திறக்கவும் செய்யும், அடைக்கவும் செய்யும். கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் 34-ஆம் பிரிவு, ஒருவர் அத்தகைய அமைப்பின் உறுப்பினர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தாலே போதும் என்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் 'பொருளுதவி' என்று ஒன்று இருக்கிறது. மிரட்டி வாங்கிய கப்பமும் அதில் அடங்கும். எல் சால்வடார் நாட்டில் கொரில்லாக்கள் கடத்திக்கொண்டு போய்ச் சமைக்கவும் துணி துவைக்கவும் வைத்த ஒரு பெண்ணின் வழக்கில், அந்தச் சமையலும் பொருளுதவிதான் என்று 2018-இல் அங்குள்ள குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் சொல்லிவிட்டது. கடத்தப்பட்டவரும் அவரே, உதவியவரும் அவரே.

இதைச் சீனாக்கிப் பார்ப்போம். வன்னியிலிருந்து வந்த ஒரு பெண். வயது முப்பத்தைந்து என்று வையுங்கள். அறை சிறியது. ஜன்னல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மேசையில் கம்ப்யூட்டர், தண்ணீர் பாட்டில், டிஷ்யூ பெட்டி. குண்டு பல்பு கிடையாது, வெள்ளை ட்யூப் லைட். அதிகாரி கத்த மாட்டார். சாப்பிட்டீர்களா, உடம்பு நன்றாக இருக்கிறதா, மொழிபெயர்ப்பாளர் பேசுவது புரிகிறதா என்ற கேள்விகளோடுதான் தொடங்குவார். அந்த மரியாதை அடியைவிடப் பயமுறுத்தும். இப்போதெல்லாம் பல நேர்காணல்களில் மொழிபெயர்ப்பாளர் அறையிலேயே இருப்பதில்லை. தொலைபேசியில் குரல் மட்டும் வரும்.

"பலவந்தமாத்தான் கூட்டிக்கொண்டு போனவை. மூண்டு மாசம் பங்கர் வெட்டினனான். பிறகு சமையல்."

மொழிபெயர்ப்பாளர் இதைத் தன்மையிலேயே சொல்வார். "அவர் சொல்கிறார்" என்று தொடங்கக் கூடாது என்பது தொழில் விதி. "நான் பங்கர் வெட்டினேன்" என்றுதான் ஆங்கிலத்தில் வரும். அதிகாரியின் விரல் கீபோர்டில் ஓடும். அடுத்த கேள்வி, "எத்தனை பேருக்குச் சமைத்தீர்கள்?" அந்தப் பெண்ணுக்கு இது அக்கறையான விசாரிப்பு மாதிரி இருக்கும். இருபது பேர் என்பாள், முப்பது இருக்கும் என்று திருத்துவாள். அவள் மனசாட்சிப்படி திருத்துகிறாள். கோப்பில் அது முரண்பாடு. இந்த இடத்தில் கேமரா யார் மேல் இருக்க வேண்டும் என்று எங்களைக் கேட்டால், மொழிபெயர்ப்பாளர் மேல். கேள்வி எங்கே போகிறது என்பது தெரிந்திருந்தும் வாயைத் திறக்க முடியாத ஒரே ஆள் அவர்தான்.

இதில் வழக்கமாக நடக்கும் தப்புகளையும் சொல்லிவிடுகிறோம். தஞ்சக் கோரிக்கை ஒரே நேர்காணலில் முடியாது. பிரிட்டனில் முதலில் சுருக்கமான பதிவு நேர்காணல், பிறகு பல மணி நேரம் போகும் விரிவான நேர்காணல். முதலாவதில் களைப்பில் சொன்ன ஒரு தேதியும் இரண்டாவதில் யோசித்துச் சொன்ன தேதியும் ஒத்துப்போகாவிட்டால் அதுவே நிராகரிப்புக் கடிதத்தில் ஒரு பத்தியாகும். நம் ஊர்க்காரர்கள் நாளைத் திருவிழாவை வைத்தும் பரீட்சையை வைத்தும் ஞாபகம் வைப்பவர்கள். அதிகாரி கேட்பது நாள், மாதம், ஆண்டு. இந்த இடைவெளியில் எத்தனை கதை வேண்டுமானாலும் இருக்கிறது. பிரான்சில் ஓஃப்ப்ரா என்ற அலுவலகம் முதலில் முடிவு சொல்லும், மறுத்தால் தஞ்ச உரிமை நீதிமன்றத்துக்குப் போகலாம். அமெரிக்காவில் வந்து ஓராண்டுக்குள் மனு போட்டிருக்க வேண்டும். உங்கள் கதாநாயகன் எட்டு வருடம் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்துவிட்டு இடைவேளைக்குப் பிறகு திடீரென்று தஞ்சம் கேட்டால் முதல் கேள்வியே "இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை" என்பதாக இருக்கும். அதற்குப் பதில் எழுதி வைத்திருக்கிறீர்களா?

இந்த மேசையைச் சரியாக எடுத்த படம் ஒன்று இருக்கிறது, அது தமிழில் பேசுகிறது என்பது நமக்குக் கொஞ்சம் உறைக்க வேண்டும். 2015-இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய 'தீபன்', ஜாக் ஓடியார் என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்தது. செத்துப்போன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டுகளை வைத்துக்கொண்டு மூன்று அந்நியர்கள் குடும்பமாகப் போகிறார்கள். நேர்காணலில் அதிகாரி எதிரில் இருக்கும்போதே அகதியும் மொழிபெயர்ப்பாளரும் தங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்கிறார்கள். அந்த அதிகாரத் தலைகீழ் பிரெஞ்சு ரசிகனுக்கு சப்டைட்டிலில் புரிந்தது. நமக்குக் காதாலேயே புரியும். பிற்பாதியில் அந்தப் படம் துப்பாக்கிக்குத் தாவியதில் எங்களில் பாதிப் பேருக்கு உடன்பாடு இல்லை. அது தனிச் சண்டை.

எடுக்கும் முறை பற்றிச் சில வார்த்தை. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு இந்த சீனுக்கு உதவாது. ஒவ்வொரு வசனமும் இரண்டு மொழியில் வருவதால் பக்கம் இரண்டு நிமிடத்தைத் தாண்டும். எடிட்டர் மொழிபெயர்ப்பை வெட்டச் சொல்வார், வெட்ட விடாதீர்கள். மாறாக, பெண் நீளமாகப் பேச ஆங்கிலம் குட்டையாக வரும்படி எழுதுங்கள். என்ன விட்டுப்போனது என்று ரசிகனே கணக்குப் போடுவான். தியேட்டருக்காக அதிகாரியையும் தமிழில் டப் செய்தால் சீன் முழுதும் செத்தது. இந்தப் பகுதிக்காவது படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்யும் சிங்க் சவுண்ட் வையுங்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சை டப்பிங் தியேட்டரில் உட்கார்ந்து சென்னைக் குரல் ஒன்று 'இலங்கைத் தமிழ்' போலப் பேசினால், டொரன்டோ ஸ்கார்பரோவிலும் பாரிஸ் லா ஷப்பெல்லிலும் லண்டன் ஈஸ்ட் ஹாமிலும் டிக்கெட் வாங்கியவர்கள் முதல் வரியிலேயே சிரிப்பார்கள். மட்டக்களப்புப் பேச்சு வேறு, மலையகப் பேச்சு நம் பக்கத்துக்கு நெருக்கம், இலங்கை முஸ்லிம்களின் பேச்சு இன்னொன்று. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பாதிக்கு மேல் ஆங்கிலமோ பிரெஞ்சோதான் பேசும். கதாபாத்திரத்தின் ஊர் எது, எந்த வயதில் வெளியேறினார் என்ற இரண்டையும் எழுதிவிட்டுத்தான் வசனத்தில் கை வைக்க வேண்டும். சப்டைட்டில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், ஏழு விநாடிக்கு மேல் திரையில் நிற்கவும் வேண்டாம். கதாபாத்திரத்துக்குப் புரியாத பிரெஞ்சு வசனத்துக்கு சப்டைட்டிலே போடாதீர்கள். அவள் தவிக்கும்போது ரசிகனும் தவிக்கட்டும்.

ஏர்போர்ட் சீன் இல்லாத இந்த வகைப் படம் கிடையாது. அதையும் பார்த்துவிடுவோம். நாயகனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவது அபூர்வம். அமெரிக்க ஏர்போர்ட்டின் முதல் கவுண்டரில் அதிகாரி பாஸ்போர்ட்டை ஒரு உறைக்குள் போட்டு "அந்தப் பக்கம் உட்காருங்கள்" என்பார். அது இரண்டாம் கட்டப் பரிசோதனை. வரிசையாக நாற்காலி, போனைத் தொடக் கூடாது, பெயர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். வெளியே அழைத்துப்போக வந்த மைத்துனருக்கு ஒன்றும் தெரியாது. போனைத் திறந்து பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு, அந்தக் கட்டத்தில் வக்கீல் கேட்கும் உரிமை கிடையாது. விமானம் ஏறும் முன்பே ஒரு அறிகுறி வரும். ஆன்லைனில் செக்-இன் ஆகாது, கவுண்டரில் கொடுக்கும் போர்டிங் பாஸில் 'எஸ்' என்ற எழுத்து நான்கு தடவை அச்சாகியிருக்கும். ஒரு க்ளோஸ்-அப் போதும், வசனமே வேண்டாம். பெயர்க் குழப்பத்தால் திரும்பத் திரும்ப மாட்டுகிறவர்கள் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் முறையிட்டு ஏழு இலக்க எண் ஒன்று வாங்கலாம். அந்த எண்ணை வைத்திருக்கிற கதாபாத்திரத்தை நாம் இதுவரை எழுதவில்லை.

பெயர் என்றதும், தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாத விஷயம் ஒரு தங்கச் சுரங்கம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று வரும், முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு வருகை விசா தர மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. அப்பா பெயரைக் கடைசியில் சேர்த்தவரை அமெரிக்காவில் எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கீழக்கரைக்காரர் ஒருவரின் அப்பா பெயரும், கண்காணிப்புப் பட்டியலில் இருக்கும் எவனோ ஒருவனின் பெயரும் ஒன்றாக இருந்தால்? ஒரு முகமதுவை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கதை பண்ணுங்கள்.

2001 செப்டம்பருக்குப் பிந்தைய அமெரிக்காவை எழுதுகிறவர்கள் ஒரு கணக்கைத் தவறாமல் தப்பாகப் போடுகிறார்கள். 2002-இல் தொடங்கிய சிறப்புப் பதிவுத் திட்டம் 25 நாட்டு ஆண்களுக்கு, 16 வயதும் அதற்கு மேலும். பாகிஸ்தானும் பங்களாதேஷும் அந்தப் பட்டியலில் உண்டு, இந்தியா இல்லை. மொத்தம் 80,000 பேருக்கு மேல் நேரில் போய் விரல் ரேகை வைத்தார்கள். 13,000 பேருக்கு மேல் நாடுகடத்தல் நடவடிக்கைக்கு ஆளானார்கள். புரூக்ளினில் கோனி ஐலண்ட் அவென்யூவை ஒட்டிய பாகிஸ்தானியர் பகுதியிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கனடா எல்லைக்கு ஓடினார்கள். ஆகவே ராமநாதபுரத்து இளைஞனை அந்த வரிசையில் நிறுத்த முடியாது. அவனோடு அறையைப் பகிரும் லாகூர்க்காரனை நிறுத்தலாம். ஒரே சமையல், ஒரே தொழுகை, ஒரே வாடகை. ஒருவன் விடியற்காலையில் மன்ஹாட்டன் ஃபெடரல் பிளாசாவில் வரிசையில் நிற்க, மற்றவன் வேலைக்குப் போகிறான். மாலையில் அவன் திரும்பி வருவானா என்று தெரியாமல் இவன் இரண்டு பேருக்கும் சேர்த்து உலை வைக்கிறான். தெற்காசியர் என்ற ஒரே பைக்குள் போட்டுக் கட்டிய ஆட்களைப் பாஸ்போர்ட்டின் நிறம் எப்படிப் பிரிக்கிறது என்பதை இதைவிட லேசாகச் சொல்ல முடியாது.

இதையொட்டி ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறோம். 2001 செப்டம்பர் 15 அன்று அரிசோனாவின் மேசா நகரில் பெட்ரோல் பங்க் வைத்திருந்த சீக்கியர் ஒருவர் தலைப்பாகையைப் பார்த்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். 2012 ஆகஸ்டில் விஸ்கான்சின் ஓக் கிரீக் குருத்வாராவில் கொலை. 2017 பிப்ரவரியில் கான்சஸ் ஓலேத்தில் தெலுங்குப் பொறியாளர் ஒருவர். இவற்றைத் தழுவி எழுதும்போது வசனத்தில் "ஐயோ, தப்பான ஆளை அடித்துவிட்டார்களே" என்ற தொனி வந்துவிடுகிறது. அப்படியென்றால் சரியான ஆள் யார்? நாயகன் விபூதி பூசிக்கொண்டோ பெயரைச் சொல்லியோ "நான் அவன் இல்லை" என்று தப்பிக்கிற சீனை எழுதுகிறவர்கள், அடிக்கிறவனுடைய நியாயத்தை ஒத்துக்கொண்டுவிட்டுத்தான் எழுதுகிறார்கள்.

இன்னும் நாம் தொடாமலே இருக்கும் ஒரு கதை, நடுவானில் குண்டு வெடித்துச் சிதறிய ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம். 1985 ஜூன் 23, அயர்லாந்துக் கடலோரம், 329 பேர். வான்கூவரில் செக்-இன் கவுண்டர். 'எம். சிங்' என்ற பெயரில் ஒருவர், ஏர் இந்தியா டிக்கெட் உறுதியாகவில்லை, பெட்டியை மட்டும் நேராக அனுப்பச் சொல்லி வற்புறுத்துகிறார். பின்னால் நீண்ட வரிசை. கவுண்டர் பெண் கடைசியில் சரி என்று பட்டை ஒட்டுகிறார். ஆள் ஏறவில்லை, பெட்டி ஏறியது. டொரன்டோவில் அன்று எக்ஸ்ரே இயந்திரம் பழுது. இது ஒரு பக்கம். மறுபக்கம், சந்தேக நபர்களின் பேச்சைக் கனடா உளவுத்துறை முன்பிருந்தே பதிவு செய்துவந்தது. பேச்சு பஞ்சாபியில். கேட்டு மொழிபெயர்க்கப் போதிய ஆள் இல்லை, ஒலிநாடாக்கள் தேங்கின, நூற்றுக்கும் மேற்பட்டவை பிறகு அழிக்கப்பட்டன. செத்தவர்களில் பெரும்பாலோர் கனடியக் குடிமக்கள். ஆனால் கனடியப் பிரதமர் முல்ரோனி இரங்கல் தெரிவிக்க அழைத்தது ராஜீவ் காந்தியை. குடியேறியவர் எப்போது அந்த நாட்டுக்காரர் ஆகிறார் என்ற கேள்விக்கு இந்த ஒரு போன் காலே போதும்.

ஆர்ட் டைரக்டர்களுக்குக் கொஞ்சம். சுவரில் அரபி எழுத்து வைக்கும்போது கணினியில் வலமிருந்து இடமாக ஓடும் வசதி இல்லாத மென்பொருளில் ஒட்டினால், எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக, தலைகீழ் வரிசையில் அச்சாகும். வெளிநாட்டுப் படங்களில் நம் கொம்பும் காலும் மெய்யெழுத்தை விட்டுச் சிதறிக் கிடப்பதைப் பார்த்து நாம் கொதிக்கிறோம் அல்லவா, அதேதான். எழுதத் தெரிந்தவரை வைத்து எழுதினாலும் படிக்கத் தெரிந்த ஒருவர் யூனிட்டில் இருக்க வேண்டும். 'ஹோம்லேண்ட்' தொடருக்கு பெர்லினில் செட் போட்டபோது சுவரெழுத்துக்கு அழைக்கப்பட்ட கலைஞர்கள், அந்தத் தொடரே இனவெறி பிடித்தது என்று அரபியில் எழுதிவைத்தார்கள். 2015-இல் ஒளிபரப்பாகும்வரை யாருக்கும் தெரியவில்லை. ஆப்கானியர் பேசுவது பஷ்தோ, தாரி. அரபி அல்ல. தொழுகைத் திசை சென்னையில் மேற்கு, கொஞ்சம் வடக்கே சாய்ந்து. லண்டனில் தென்கிழக்கு, நியூயார்க்கில் வடகிழக்கு. கடலோர மரைக்காயர் பெரும்பாலும் ஷாஃபி மரபு, ராவுத்தர்களும் திருவல்லிக்கேணி உருது பேசுகிறவர்களும் பெரும்பாலும் ஹனஃபி. கை கட்டும் இடம்கூட மாறும். ஆனால் இதையெல்லாம் துல்லியமாகச் செய்துவிட்டு, தொழுகையையும் குண்டு பொருத்துவதையும் மாற்றி மாற்றிக் காட்டி இன்டர்கட் போட்டால் துல்லியம் யாருக்கு வேண்டும்? அந்த இன்டர்கட்டை முதலில் தூக்குங்கள்.

லண்டன் ஷெட்யூலுக்குப் பணம் இல்லாத தயாரிப்பாளர்களுக்கு ஒரு நல்ல செய்தி. புலம்பெயர்ந்தவர் கதை கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது, புழலில் இருக்கிறது. 1983-க்குப் பின் வந்தவர்களின் முகாம்கள். 2021-இல் பெயர்ப்பலகை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியக் குடிமகன். அன்று முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆக, ஒரே முகாமில் ஒரே தாய்க்கு 1986-இல் பிறந்த அக்கா இந்தியர், 1988-இல் பிறந்த தம்பி அகதி. இது கற்பனையான சிக்கல் இல்லை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவருக்குப் பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. கேளம்பாக்கத்தில் ரோஹிங்கியாக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைப் பற்றித் தமிழில் யார் எழுதப் போகிறீர்கள்? முகாமில் படமெடுக்க அனுமதி கிடைப்பது கடினம். செட் போடுவதே சரி. ஆனால் அளவெடுக்காமல் போடாதீர்கள். நம் ஆட்கள் அகதி வீட்டையும் மூன்று பேர் புகுந்து சண்டை போடும் அகலத்துக்குக் கட்டிவிடுகிறார்கள்.

கடைசியாக சென்சாரும் எதிர்ப்பும். சாஸ்திரி பவனுக்குப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டியது: 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தைக் கலைத்துவிட்டார்கள். ரிவைசிங் கமிட்டிக்கு மேலே போக வேண்டுமென்றால் நேராக உயர் நீதிமன்றம்தான். ரிலீஸ் தேதிக்கு முன் அதற்கும் நாள் ஒதுக்குங்கள். யு/ஏ இப்போது 7, 13, 16 என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. சான்றிதழ் கிடைத்தாலும் பிரச்சினை முடியாது. 'விஸ்வரூபம்' 2013 ஜனவரியில் 144 தடையில் மாட்டி, சில இடங்களில் ஒலியை அடக்க ஒப்புக்கொண்டு பிப்ரவரி 7 அன்றுதான் தமிழ்நாட்டில் வெளியானது. 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கில், ஆர்ப்பாட்டம் நடக்கும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை நசுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை உங்கள் வக்கீல் கையில் வைத்திருக்கட்டும். எந்த அமைப்புக்கும் முன்கூட்டிப் படம் போட்டுக் காட்டி அனுமதி வாங்குங்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஸ்கிரிப்ட் நிலையில் விஷயம் தெரிந்தவரிடம் கேட்பது வேறு, ரிலீசுக்கு முதல் நாள் கும்பலிடம் கையைக் கட்டி நிற்பது வேறு. முதலாவதைச் செய்தவர்களுக்கு இரண்டாவது வந்தாலும் தைரியமாக நிற்க முடியும்.

செலவு என்று பார்த்தால் பெரிதில்லை. டிஸ்கஷனில் ஒரு வழக்கறிஞருக்கு இரண்டு அமர்வு, ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டு அமர்வு. பேச்சு வழக்குக்கு அந்த ஊர்க்காரர் ஒருவர், ஒத்திகை, ஷூட்டிங், டப்பிங் மூன்றிலும். இதைத் தயாரிப்புச் செலவில் தனித் தலைப்பாகப் போடுங்கள். உதவி இயக்குநரின் பேட்டாவில் கழிக்காதீர்கள். டைட்டிலில் 'நன்றி' பட்டியலில் திணிக்காமல் செய்த வேலையின் பெயரோடு போடுங்கள். ஸ்கிரிப்ட்டை வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்ப வேண்டாம். முதல் பக்கத்தில் கதை நடக்கும் ஊரும் ஆண்டும் எழுதி, பக்க எண் போட்டு, ஒரே பிடிஎஃப்-ஆக அனுப்புங்கள். கிளைமாக்ஸை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பெரும்பாலான தப்பு அங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர்கள், வழக்கறிஞர்கள், சப்டைட்டில் எழுதுவோர் சிலர்
சென்னை